புதியது என்று விற்ற எஸ்எஸ்டி ஏற்கெனவே 11,300 மணி நேரம் ஓடியிருந்தால்?

கேள்வி: விருதுநகர் மாவட்டத்தில் சின்னதாக போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். நானே படம் எடுத்து நானே எடிட் செய்கிறேன், உதவிக்கு ஒரு பையன் மட்டும். 14 மாதத்துக்கு முன்பு ஆன்லைன் தள்ளுபடியில் 1 டிபி எஸ்எஸ்டி (கம்ப்யூட்டரில் படம், கோப்புகளைச் சேமிக்கும் டிரைவ்) ஒன்றை 3,900 ரூபாய்க்கு வாங்கினேன். அப்போது வெளியில் அதன் விலை 6,000க்கு மேல். "புத்தம் புதியது, 5 வருட கம்பெனி வாரண்டி" என்று போட்டிருந்தார்கள். போன மாதம் திடீரென்று கம்ப்யூட்டரில் அது தெரியவே இல்லை. இரண்டு கல்யாணப் படங்கள் அதற்குள் மாட்டிக்கொண்டன, ஒரு வீட்டாருக்கு 35,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன். டிரைவைத் தயாரித்த கம்பெனியில் கேட்டால், இந்த சீரியல் நம்பர் கம்ப்யூட்டருக்குள் பொருத்தி விற்பதற்காக கம்ப்யூட்டர் தயாரிப்பாளருக்குக் கொடுத்த ஓஇஎம் டிரைவுக்கு உரியது, சில்லறை வாரண்டி கிடையாது என்று மெயில் அனுப்புகிறார்கள். விற்றவரோ தன் வாரண்டி 1 வருடம்தான், அது முடிந்துவிட்டது என்கிறார். வாங்கிய தளம், நாங்கள் இடைத்தரகர் மட்டுமே என்கிறது. இப்போது விற்றவர், டிரைவைத் திருப்பி அனுப்பினால் 2,000 ரூபாய் தருகிறேன் என்று மெசேஜ் போட்டிருக்கிறார். வாங்கிய மூன்றாவது மாதம் சும்மா எடுத்த ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் பில்லும் இத்துடன் இருக்கின்றன. 3,900 ரூபாய்க்காக கேஸ் போடலாமா?

பதில்: கடைசியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்களே, அந்த ஸ்கிரீன்ஷாட்தான் உங்கள் கேஸ். டிரைவின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் எடுத்தது, டிரைவின் சீரியல் நம்பர் தெரிகிறது, மொத்தம் ஓடிய நேரம் 11,300 மணி என்று இருக்கிறது. நீங்கள் வாங்கி அப்போது மூன்று மாதம். இரவு பகல் அணைக்காமல் ஓட்டியிருந்தாலும் 2,200 மணியைத் தாண்ட முடியாது. 11,300 மணி என்றால் சுமார் 470 நாள் ஓய்வில்லாமல் ஓடிய டிரைவ். எங்கோ ஒரு மெஷினில் ஒரு வருடத்துக்கு மேல் உழைத்துவிட்டுத்தான் புது அட்டைப்பெட்டியில் உங்களிடம் வந்திருக்கிறது.

அதனால் "எஸ்எஸ்டி கெட்டுப்போச்சு, வாரண்டி தரமாட்டேன் என்கிறார்கள்" என்று புகாரை எழுதாதீர்கள். அப்படி எழுதினால் வாரண்டி 1 வருடமா 5 வருடமா, ஓஇஎம் சரக்குக்கு யார் பொறுப்பு, நீங்கள் சரியாகப் பயன்படுத்தினீர்களா என்று பேச்சு அவர்கள் இழுத்த பக்கம் போகும், 14 மாதம் ஓடிய பொருளில் தயாரிப்புக் குறை இருந்தது என்று நிரூபிக்கும் சுமையும் உங்கள் தலையில் ஏறும். பழையதைப் புதியது என்று விற்றார்கள் என்று எழுதுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் பிரிவு 2(47), பயன்படுத்திய பொருளையோ புதுப்பித்த பொருளையோ புதியது என்று பொய்யாகக் காட்டி விற்பதை நேரடியாகவே நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. அது உங்களிடம் விற்ற அன்றே நடந்துவிட்டது. வாரண்டி முடிந்ததா இல்லையா என்பது அதற்கு ஒரு பதிலே ஆகாது.

தள்ளுபடியில் வாங்கியதால் உங்கள் உரிமை குறைந்துவிடுமோ என்ற பயம் உங்கள் கடிதம் முழுக்கத் தெரிகிறது. குறையாது. பழையது என்று சொல்லி 3,900க்கு விற்றிருந்தால் பேச ஒன்றும் இல்லை, அது நீங்கள் தெரிந்தே எடுத்த முடிவு. இங்கே சொல்லவில்லை, அதுதான் விஷயம்.

அடுத்து, எதிர்த்தரப்பு முதலில் கிளப்பப்போகும் ஆட்சேபணை. நீங்கள் ஸ்டுடியோ நடத்துகிறீர்கள், வணிக நோக்கத்துக்கு வாங்கினீர்கள், ஆகவே நுகர்வோரே இல்லை என்பார்கள். சுயதொழில் செய்து தன் பிழைப்பை நடத்துவதற்காக மட்டுமே ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று பிரிவு 2(7)இன் விளக்கமே சொல்கிறது. கோயம்புத்தூர் பிஎஸ்ஜி நிறுவனம் விற்ற ஒரு மெஷின் தொடர்பாக லட்சுமி என்ஜினீயரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995இல் இதைத்தான் விளக்கியது. பிழைப்புக்காகத் தானே ஓட்ட ஆட்டோ வாங்குகிறவர் நுகர்வோர்தான் என்பது அதில் வரும் உதாரணம். (அந்த வழக்கில் மெஷின் வாங்கியவர் தோற்றார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், தொழிலின் அளவு பெரியது என்று நீதிமன்றம் கருதியது.) நீங்களே படம் எடுத்து நீங்களே எடிட் செய்கிறீர்கள், உதவிக்கு ஒரு பையன் மட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். பில்லும் உங்கள் சொந்தப் பெயரில்தான் இருக்கிறது, ஸ்டுடியோவின் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு வரிக் கழிவு எடுக்கவில்லை. நல்லது. புகாரின் முதல் பக்கத்திலேயே இதை இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள்.

யார் யார் மீது போடுவது? விற்றவர் மீது கட்டாயம். நீங்கள் அனுப்பிய பில்லில் அவருடைய ஜிஎஸ்டி எண் 07 என்று ஆரம்பிக்கிறது, அதாவது டெல்லி. ஜிஎஸ்டி போர்ட்டலில் அந்த எண்ணைப் போட்டால் பதிவு செய்த பெயரும் முகவரியும் வரும், அதையே எடுத்துக்கொள்ளுங்கள், தளத்தில் காட்டும் கடைப் பெயரை மட்டும் நம்பாதீர்கள். டெல்லி என்றதும் மலைக்க வேண்டாம், புகார் செய்கிறவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்று பிரிவு 34 சொல்கிறது, உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும்.

தளத்தையும் இரண்டாம் எதிர்த்தரப்பாகச் சேர்க்கச் சொல்வேன். இடைத்தரகர் என்ற வாதத்தை எல்லா ஆணையங்களும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை, சில ஏற்கும், சில தளத்தையும் சேர்த்தே பணம் கட்டச் சொல்லும். ஆனால் இ-காமர்ஸ் விதிகள், 2020இன்படி அவர்களுக்கும் கடமைகள் உண்டு. தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நீங்கள் இதுவரை சாட்டில் பேசியது போதாது, அந்த அதிகாரியின் மெயிலுக்கு ஸ்கிரீன்ஷாட்டோடு இன்றே ஒரு புகார் அனுப்புங்கள். அதே விதிகளில், குறையுள்ள பொருளையோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ விற்றவர் திரும்ப எடுக்க மறுக்கக்கூடாது என்றும் இருக்கிறது.

தயாரித்த கம்பெனியைச் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. அவர்கள் உங்களுக்கு எந்த வாக்குறுதியும் தரவில்லை, 5 வருடம் என்று போட்டது விற்றவர். ஓஇஎம் டிரைவுக்கு கம்ப்யூட்டர் தயாரிப்பாளர்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது அந்தத் தொழிலில் வழக்கமான ஏற்பாடு. அவர்கள் அனுப்பிய மெயில் உங்களுக்கு இரண்டாவது பெரிய ஆதாரம், அதைக் கொடுத்தவரையே எதிரியாக்கி அவர்கள் வக்கீல் உங்களுக்கு எதிராக வாதாடும் நிலையை நாமே உண்டாக்குவானேன்.

பணம், காலம் பற்றி. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் புகார் போடக் கட்டணமே இல்லை. நஷ்ட ஈடு எவ்வளவு கேட்டாலும் கணக்கு அந்த 3,900ஐ வைத்துத்தான். வக்கீல் வைக்காமல் நீங்களே நடத்தலாம், ஆன்லைனில் தாக்கல் செய்யலாம், வீடியோ விசாரணை கேட்டு மனுவும் போடலாம். காலக்கெடு 2 வருடம். எந்த நாளிலிருந்து என்ற சண்டையே வராமல் இருக்க, வாங்கிய நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள், இன்னும் 10 மாதம் இருக்கிறது. பொருளைப் பரிசோதிக்கத் தேவையில்லாத வழக்கை 3 மாதத்திலும், பரிசோதனை தேவைப்பட்டால் 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடைமுறையில் ஒரு வருடத்துக்கு மேல் கூட இழுக்கும், அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். அதற்கு முன் 1915க்கு போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்யுங்கள், பெரிய தளங்கள் பல நேரம் அங்கேயே இறங்கி வருகின்றன.

அந்த 35,000 ரூபாய்தான் சிக்கலான இடம். இதே 2019 சட்டத்தில் பொருள் பொறுப்பு (குறையுள்ள பொருளால் வந்த தீங்குக்கு ஈடு கேட்பது) என்று ஒரு அத்தியாயம் இருக்கிறது, பலர் அதை எடுத்து எழுதுகிறார்கள், ஆனால் அதில் "தீங்கு" என்பதன் வரையறையில் வணிக, பொருளாதார நஷ்டம் சேராது என்று தெளிவாக விலக்கியிருக்கிறார்கள். அந்த வழியில் போகாதீர்கள். பிரிவு 39இன் கீழ், எதிர்த்தரப்பின் கவனக்குறைவால் வந்த நஷ்டம் என்று கேளுங்கள். "பேக்கப் எடுக்காதது உங்கள் தப்பு" என்று நிச்சயம் சொல்வார்கள், அதில் ஓரளவு நியாயமும் இருக்கிறது, அதனால் முழுத் தொகையும் கிடைக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். பழைய டிரைவ் என்று தெரிந்திருந்தால் கல்யாணப் படங்களை அதை நம்பி வைத்திருக்கவே மாட்டேன் என்பதுதான் உங்கள் பதில், அது வலுவான பதில். பணம் திருப்பிக் கொடுத்த வங்கிப் பதிவையும், அந்த வீட்டாரிடமிருந்து ஒரு கடிதத்தையும் வாங்கி வையுங்கள்.

ஓடிய நேரம் வெறும் எண் இல்லை என்பதைப் புகாரில் விளக்கவும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். எஸ்எஸ்டியில் மொத்தம் இவ்வளவு தரவு எழுதலாம் என்று ஒரு வரம்பு உண்டு, அதை டிபிடபிள்யூ என்பார்கள். சாம்சங் 870 ஈவோ 1 டிபிக்கு 600 டெராபைட், 5 வருட வாரண்டி, அதே கம்பெனியின் 870 கியூவோ 1 டிபிக்கு 360 டெராபைட், 3 வருடம், எது முதலில் முடிகிறதோ அதோடு வாரண்டி தீர்ந்தது. முந்தையவர் அந்த வரம்பில் எவ்வளவு தின்றார் என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது. 2019 நவம்பரில் ஹெச்பிஇ என்ற சர்வர் நிறுவனம் தன் சர்வர் எஸ்எஸ்டிகள் சிலவற்றில் மென்பொருள் பிழையால் சரியாக 32,768 மணி ஓடியதும் டிரைவ் செத்துவிடும், தரவும் போய்விடும் என்று அறிவித்துத் திருத்தம் வெளியிட்டது. உங்கள் டிரைவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் எத்தனை மணி ஓடியது என்பது ஏன் வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டிய விஷயம் என்று ஆணையத்துக்குப் புரியவைக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஸ்கிரீன்ஷாட்டின் மூலக் கோப்பை எடிட் செய்யாமல், வெட்டாமல் அப்படியே வையுங்கள், அதன் தேதி முக்கியம். பாரதிய சாட்சிய சட்டம், 2023இன் பிரிவு 63 மின்னணு ஆவணங்களுக்குக் கேட்கும் சான்றிதழையும் இணைத்துவிடுங்கள், ஆணையம் அந்தச் சட்டத்துக்கு இறுக்கமாகக் கட்டுப்பட்டதல்ல என்றாலும், ஆட்சேபணைக்கு இடம் வைக்க வேண்டாம். டிரைவின் மேல் ஸ்டிக்கர், பெட்டி, அதில் இறக்குமதியாளர் பெயரும் முகவரியும் இருக்கிறதா இல்லையா (வெளிநாட்டுச் சரக்கு என்றால் இருந்தே ஆக வேண்டும், பொட்டலப் பொருள் விதிகள், 2011), விற்பனைப் பக்கத்தில் "புத்தம் புதியது" என்ற வரி, எல்லாவற்றையும் படம் எடுங்கள். அந்தப் பக்கத்தை அவர்கள் நாளைக்கே மாற்றிவிடலாம், எனவே முதலில் அதை.

அப்புறம் அந்த 2,000 ரூபாய். டிரைவை அனுப்பாதீர்கள். 14 மாதம் ஆன, வாரண்டி முடிந்தது என்று தானே சொன்ன, வேலை செய்யாத ஒரு டிரைவை ஒருவர் காசு கொடுத்துத் திரும்பக் கேட்கிறார் என்றால், ஸ்கிரீன்ஷாட் பற்றி நீங்கள் அவரிடம் சொல்லிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஆணையம் கேட்டால் அந்த டிரைவைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப முடியும் (அந்தக் கட்டணத்தை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டிவரும்), உள்ளே பதிவாகியிருக்கும் ஓடிய மணிக் கணக்கை அவர்கள் படிக்க முடிந்தால் விவாதம் அங்கேயே முடிந்தது. அதுவரை டேட்டா ரெக்கவரிக்காரரிடமும் பிரிக்கக் கொடுக்காதீர்கள். மெசேஜுக்கு ஒரே ஒரு பதில் போதும்: "முழுத் தொகை, நஷ்ட ஈடு பற்றி நோட்டீஸ் வரும், டிரைவ் என் வசமே இருக்கும்." அதை அனுப்பிவிட்டு, மறுநாளே நோட்டீஸை ஸ்பீட் போஸ்டில் போட்டு, 15 நாள் கெடு கொடுங்கள்.