பழைய பெட்ரோல் படகு எஞ்சினில் கார் எலக்ட்ரிக் பம்ப் போடலாமா?

கேட்டவர் காட்பாடிக்காரர். நண்பர்களோடு சேர்ந்து கோவளத்தில் ஒரு பழைய பெட்ரோல் இன்போர்டு படகு (எஞ்சின் உள்ளேயே இருக்கும் படகு) வாங்கியிருக்கிறார். எஞ்சினில் இருந்த, டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்துக் கொடுக்கும் மெக்கானிக்கல் பம்ப் போய்விட்டது. வேலூர் ஸ்பேர் கடையில் கிடைக்கும் 12 வோல்ட் கார் பம்பை மாட்டினால் போதுமா என்கிறார்.

எலக்ட்ரிக் பம்ப் தாராளமாகப் போடலாம். ஆனால் கார் பம்ப் வேண்டாம், காருக்குக் கொடுப்பது போல வயரும் கொடுக்க வேண்டாம்.

நான் சத்துவாச்சாரியில் வண்டி எலக்ட்ரிக் வேலை பார்க்கிறவன். அம்பாசடர், ஜீப்பில் ஏசி பம்ப் என்கிற மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பின் டயாபிரம் (உள்ளே இருக்கும் சவ்வு) கிழிந்து வந்தால் எலக்ட்ரிக் பம்ப் மாட்டி, சாவியிலிருந்து ஒரு வயர் இழுத்துக் கொடுத்து அனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். பெட்ரோல் ஒழுகினாலும் தரையில் சொட்டிக் காற்றோடு போய்விடும். படகில் அது போக வழியே இல்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம் என்பதால் அடித்தட்டில் இறங்கித் தேங்கி நிற்கும். செல்ஃப், ஆல்டர்னேட்டர் எல்லாம் அதே அறையில்தான். ஒரு பொறி போதும். படகுக்கென்று பொறி வெளியே வராதபடி மூடிச் செய்த பம்ப்தான் வேண்டும் என்பது இதனால்தான்.

அதைவிட முக்கியம், எஞ்சின் நின்றால் பம்பும் நிற்க வேண்டும். எஞ்சின் ஓடும்போதும் ஸ்டார்ட் ஆகும்போதும் தவிர எலக்ட்ரிக் பம்ப் இயங்கக் கூடாது என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படை விதியே இருக்கிறது. எஞ்சின் தானாக ஆஃப் ஆகி, சாவி ஆனிலேயே இருந்து, கார்புரேட்டரில் பெட்ரோலை அடைக்கும் ஊசியில் தூசியும் மாட்டியிருந்தால் என்ன ஆகும்? பம்ப் பாட்டுக்குப் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

இதற்கு மூன்று முனை ஆயில் பிரஷர் சுவிட்ச் போடுங்கள். எஞ்சின் ஓடினால்தான் ஆயில் பிரஷர் இருக்கும், நின்றால் இறங்கிவிடும். ஒரு முனைக்குச் செல்ஃப் அடிக்கும்போது மட்டும் வரும் கரண்ட், இன்னொன்றுக்குச் சாவி கரண்ட், மூன்றாவது பம்புக்கு. ஆயில் பிரஷர் ஏறியதும் சுவிட்ச் செல்ஃப் பக்கத்தை விட்டுச் சாவி பக்கம் மாறிக்கொள்ளும். "ரெண்டு முனை சுவிட்ச் போட்டு, செல்ஃப் வயரையும் பம்ப் வயரோட சேர்த்துட்டா என்னண்ணா?" என்று கடைப் பையன் கேட்டான். பிரஷர் ஏறியதும் கரண்ட் பின்னால் திரும்பி, செல்ஃபை இயக்கும் சொலினாய்டு சுவிட்சுக்குப் போகும். சாவியை விட்டாலும் செல்ஃப் விடாது. சாவி கரண்ட்டை இக்னிஷன் காயில் முனையிலிருந்தும் எடுக்காதீர்கள். பழைய எஞ்சின்களில் அங்கே ரெசிஸ்டன்ஸ் வழியாகத்தான் கரண்ட் வரும், பம்புக்கு 12 வோல்ட் கிடைக்காது. தனி ஃபியூஸ் வைத்துத் தனி லைன் இழுங்கள்.

பம்பை எங்கே வைப்பது என்பதிலும் கார் பழக்கம் உதவாது. காரில் டேங்க் பக்கத்தில் வைப்போம். படகில் எஞ்சின் மேலேயோ, எஞ்சினிலிருந்து 12 அங்குலத்துக்குள்ளோ இருக்க வேண்டும் என்கின்றன அதே விதிகள். டேங்கிலிருந்து வரும் நீளமான ஓஸ் முழுவதும் இழுக்கிற பக்கமாக இருந்தால், எங்காவது விரிசல் விட்டாலும் காற்று உள்ளே போய் எஞ்சின் திணறும், பெட்ரோல் வெளியே பீச்சாது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் சூடு படாமல் தாழ்வாக வையுங்கள். பம்புக்கு முன்னால் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் கட்டாயம் வேண்டும். இப்போது பங்கில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது, அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் கெடுக்கும். ஓஸையும் மாற்றிவிடுங்கள்.

பம்ப் தள்ளும் பிரஷர் 4 முதல் 7 பிஎஸ்ஐ (பிரஷர் அளவு) வரை போதும், உங்கள் கார்புரேட்டருக்கு எவ்வளவு என்று பார்த்து வாங்குங்கள். இன்ஜெக்‌ஷன் வண்டி பம்ப் 40 பிஎஸ்ஐக்கு மேல் தள்ளும், கார்புரேட்டர் ஊசி தாங்காது.

பழைய பம்பைக் கழற்றியதும் அந்த ஓட்டையை கேஸ்கெட் வைத்து பிளேட் போட்டு மூடுங்கள். அப்புறம் ஆயில் மட்டம் பார்க்கும் டிப் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தாலோ, ஆயில் மட்டம் ஏறி நீர்த்திருந்தாலோ, கிழிந்த டயாபிரம் வழியே பெட்ரோல் எஞ்சின் ஆயில் இருக்கும் கிரேங்க் கேஸில் இறங்கியிருக்கிறது. ஆயிலை மாற்றாமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது.

எல்லாம் முடிந்ததும் எஞ்சின் அறை மூடியைத் திறந்து, ஆவியை வெளியேற்றும் புளோயரைக் குறைந்தது 4 நிமிடம் ஓட விட்டு, சாவியை ஆன் மட்டும் செய்யுங்கள். செல்ஃப் அடிக்க வேண்டாம். பம்ப் சத்தம் கேட்கக் கூடாது. கேட்டால் வயரிங் தப்பு, அதைச் சரி செய்யாமல் தண்ணீரில் இறக்காதீர்கள்.