அம்மாவின் பங்கு எந்த வரியில், தம்பி?

கேள்வி: பதினொரு பேர் கொண்ட பேண்ட் ஒன்றை நடத்துகிறேன். இரண்டு ட்ரம்பெட், ஒரு ட்ரொம்போன், ஒரு சாக்ஸபோன். எல்லோரும் ஒரே அறையில் சேர்ந்து வாசித்துத்தான் பாட்டைப் பதிவு செய்கிறோம், எந்தக் கம்பனியின் உதவியும் கிடையாது. ட்ரொம்போன்காரர் ஞாயிறு ஒத்திகைக்கு வராமல் கல்யாண வீடுகளில் வாசிக்கப் போகிறார். அவரை நீக்கிவிட்டுக் கீபோர்டில் சமாளிக்கலாமா? வாத்தியங்களை அம்மாவுக்குத் தேயிலைத் தோட்ட வேலையில் சேர்ந்த சேமலாப நிதிப் பணத்தில் (வேலையை விடும்போது கிடைக்கும் சேமிப்பு) வாங்கினேன், அதனால் தரத்தைக் குறைக்க மனமில்லை. அம்மா இன்றும் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கிறார். அவருக்காகவாவது நான் ஜெயிக்க வேண்டும். செலவுக் கணக்கையும் அனுப்பியிருக்கிறேன்.
- பெயர் வேண்டாம், தலவாக்கலை, இலங்கை

பதில்: கீபோர்ட் வேண்டாம். நாலு பேர் ஒன்றாக மூச்சிழுத்து ஊதும் சத்தம் அதில் வராது. உங்கள் ஊர்க் குளிரில் பித்தளை வாத்தியம் சுருதி இறங்கும், கொஞ்ச நேரம் ஊதிச் சூடாக்கிவிட்டுச் சுருதி சேருங்கள். ட்ரொம்போன்காரர் வீட்டிலும் அடுப்பெரிய வேண்டும், அவர் செய்வது துரோகமில்லை. ஒத்திகையை வேறு நாளுக்கு மாற்றுங்கள்.

சரி, இப்போது உங்கள் செலவுக் கணக்குக்கு வருவோம். வேன், சவுண்ட், சாப்பாடு, கிட்டார் கம்பி, ஆளாளுக்குப் பங்கு என்று எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. அம்மா எந்த வரியில் இருக்கிறார்?

அவருடைய சேமலாப நிதியில் எப்படிக் காசு சேருகிறது என்று தோட்டத்துப் பிள்ளைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சம்பளத்தில் 8 சதவீதம் அவருடையது, 12 சதவீதம் தோட்டம் போடுவது. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனபோதுகூட ஒரு நாளைக்குச் சேர்ந்தது 200 ரூபாய். அதற்கு முன்பு எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள். பெண்களுக்கு 50 வயதில் கைக்கு வரும் காசு அது. கூடையை இறக்கி வைப்பதற்கான காசு. அதில் நீங்கள் ட்ரம்பெட் வாங்கினீர்கள், அவர் திரும்பவும் கூடையைத் தூக்கிவிட்டார். இதைப் போகிற போக்கில் எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

அவருக்காக ஜெயிக்க வேண்டுமாம்! அவர் கேட்டாரா? அவர் எதையும் கேட்க மாட்டார், அதனால்தான் அது உங்களுக்குக் கடனாகவே தெரியவில்லை. கடைக்காரரிடம் வாங்கியிருந்தால் லயத்து வீட்டு வாசலில் வந்து நின்றிருப்பார், நீங்களும் எப்படியாவது கட்டியிருப்பீர்கள். பெற்றவர்கள் பிள்ளைக்குக் கொடுப்பது வழக்கம்தானே என்பவர்களோடு எனக்கு எப்போதும் சண்டை. படிப்புக்குக் கொடுத்தால் அது வழக்கம். வயதான காலத்துக்கென்று வைத்ததை எடுத்தால் திருப்பி வைத்தே ஆக வேண்டும், கோயில் காரியத்துக்கு எடுத்தாலும்தான்.

அடுத்த நிகழ்ச்சியிலிருந்து வேன் காசுக்குக் கீழே அம்மாவின் பெயரை எழுதுங்கள். மற்றவர்கள் பங்கில் கை வைக்காதீர்கள், உங்கள் பங்கிலிருந்து எடுங்கள். ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவில் வாசித்தால் அதில் உங்களுக்குக் கிடைப்பது முழுவதும் அவருக்கே. புதுப் பாட்டு தாமதமாகட்டும், யாரும் அழப்போவதில்லை. கையில் கொடுத்தால் வேண்டாமென்பார், அல்லது உங்களுக்கே சமைத்துப் போட்டுவிடுவார். அதனால் வங்கியில் அவர் பெயரில் போட்டுப் புத்தகத்தை அவரிடம் கொடுங்கள். வாத்தியத்துக்குப் போன தொகை அதில் முழுதாக ஏறிய பிறகு ஒலிப்பதிவுக்குத் தேதி குறிக்கலாம்.