டென்ஷன் இல்லையென்றால் பிரஷர் குளிசையை விடலாமா?

"பிரஷர் வருவதே டென்ஷனால்தானே, டென்ஷனைக் குறைத்துக்கொண்டால் குளிசை எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வெள்ளவத்தையில் ஒரு பார்மசியில் வேலை செய்கிறேன். கவுண்டரில் அடிக்கடி கேட்கும் கேள்விதான். பாதி சரி, மற்றப் பாதியில்தான் வில்லங்கம்.

காலி வீதியில் பஸ்ஸில் நெரிபட்டு, வியர்க்க விறுவிறுக்க வந்து கையை நீட்டும் ஐயாவுக்கு மெஷின் 160 காட்டும். கதிரையில் ஐந்து நிமிடம் பேசாமல் இருத்திவிட்டு அளந்தால் 140க்குக் கிட்ட இறங்கிவிடும். அந்த ஏற்றம், பதற்றத்திலும் உழைப்பிலும் உடலைத் தானாகவே உசுப்பிவிடும் பரிவு நரம்புத் தொகுதியின் வேலை. நரம்பு முனைகளில் நோரட்ரினலின் என்ற இரசாயனம் சுரக்க, இதயம் வேகமாக அடிக்கும், சிறுநாடிகள் சுருங்கும். அது நோயில்லை. அந்த நரம்புகள் இல்லாவிட்டால் படுக்கையை விட்டு எழும்பும்போதே தலைசுற்றி விழுவோம்.

நிரந்தரப் பிரஷருக்கு வழி சிறுநீரகத்தில் திறக்கிறது. இதே நரம்புகள் அங்கேயும் போகின்றன. அவை ஓயாமல் தூண்டினால் சிறுநீரகம் உப்பை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும், உப்போடு தண்ணீரும் தங்கும். சிறுநீரகத்தில் ரெனின் என்ற நொதியம் சுரந்து, அதன் வழியாக அஞ்சியோடென்சின் என்ற ஹோர்மோன் உருவாகி, நாடிகளை இன்னும் இறுக்கும். கழுத்து நாடியில் அமுக்கத்தைக் கண்காணிக்கும் உணரிகளும் நாளடைவில் கூடிய அளவையே வழமை என்று எடுத்துக்கொள்ளும்.

இதெல்லாம் உங்கள் மனதைக் கேட்டு நடப்பதில்லை. குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருபவர்களுக்கு, ஒவ்வொரு தடவை மூச்சுத் தடைப்படும்போதும் பரிவு நரம்புகள் எகிறும். ஆள் நல்ல நித்திரை, டென்ஷன் எங்கே? உடல் பருமனிலும் இதே கதைதான்.

சிறுநீரக நாடிக்குள் குழாய் விட்டு, சுற்றியுள்ள நரம்புகளைச் சுட்டு அடக்கும் சிகிச்சைகூட இருக்கிறது. 2014இல் வந்த பெரிய ஆய்வில், சிகிச்சை செய்வதுபோல் வெறுமனே பாவனை காட்டியதை விட அது பெரிதாக எதையும் சாதிக்கவில்லை. கருவிகளைத் திருத்திப் பிறகு நடத்திய ஆய்வுகளில் பிரஷர் ஓரளவு குறைந்தது. 2023இல் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. ஆனால் குறைவது கொஞ்சம்தான். நரம்பு ஒரு பெரிய காரணம், ஒரே காரணமில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

"தம்பி, பென்சன் எடுத்திட்டன், இப்ப டென்ஷன் ஒண்டுமில்லை, அட்டினோலோலை விடட்டோ?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, டொக்டரிடம் கேட்காமல் விடவே வேண்டாம். அது இதயத்தில் நோரட்ரினலின் வேலை செய்யும் இடத்தை மறித்து நிற்கும் மருந்து. திடீரென்று நிறுத்தினால் இதயம் படபடக்கும், பிரஷர் எகிறும், இதய வருத்தம் உள்ளவருக்கு நெஞ்சு வலியும் வரலாம். நிறுத்துவதென்றாலும் படிப்படியாகத்தான் குறைப்பார்கள். அப்புறம், மூக்கடைப்புக்குக் குளிசை வாங்க வந்தால் பிரஷர் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிலவற்றில் சூடோஎபெட்ரின் இருக்கும், அதுவும் இதே நரம்புகளைத்தான் உசுப்பும்.