கத்திரிக்காயின் தொப்பிக்கு அடியில் ஏன் வெள்ளை?

கேள்வி: மாடித் தோட்டத்தில் ஊதாக் கத்திரி வைத்திருக்கிறேன். நறுக்கும்போது காம்போடு ஒட்டியிருக்கும் பச்சைத் தொப்பியைத் தூக்கினால் அடியில் தோல் வெள்ளையாக இருக்கிறது. நிறத்துக்கான ஜீன் காய் முழுக்கத்தானே இருக்கும்? அங்கே மட்டும் ஏன் வேலை செய்யவில்லை?
(வாசகி, விழுப்புரம்)

பதில்: நறுக்கிப் போட்டுவிட்டுப் போகாமல் தூக்கிப் பார்த்தீர்களே, அதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஜீன் காய் முழுக்க இருக்கிறது, வேரில்கூட இருக்கிறது. ஆனால் ஜீன் இருந்தால் மட்டும் போதாது, அதைத் திறந்துவிட ஆள் வேண்டும்.

ஊதா நிறம் தருவது ஆந்தோசயனின். ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தில் தொடங்கி, ஒரு நொதி செய்து முடித்ததை அடுத்த நொதி வாங்கி, இப்படிப் படிப்படியாகத்தான் செடி அதைச் சமைக்கிறது. இந்த நொதிகளுக்கான ஜீன்களை, முக்கியமாகக் கடைசிப் படிகளுக்கான ஜீன்களை, முடுக்கிவிட மூன்று வகைப் புரதங்கள் ஒன்றாகச் சேர வேண்டும்: எம்.ஒய்.பி., பி.எச்.எல்.எச்., டபிள்யூ.டி.40. முதல் இரண்டும் ஜீனுக்கு முன்னால் இருக்கிற டி.என்.ஏ. பகுதியில் போய் உட்காரும், மூன்றாவது அவற்றைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் நிறம் வராது, அல்லது வெளிறிப்போகும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், இந்தக் கூட்டாளிகள் ஒரே வேலையோடு நிற்பதில்லை என்பது. அரபிடாப்சிஸ் என்று கடுகுக் குடும்பத்தில் ஒரு சின்னச் செடி இருக்கிறது, ஆய்வுக்கூடங்களின் செல்லப்பிள்ளை. அதில் டபிள்யூ.டி.40 புரதத்தைக் கெடுத்துவிட்டால் விதையின் பழுப்பு நிறம் போய்விடும், கூடவே இலை மேலிருக்கும் மெல்லிய முடிகளும் போய்விடும்! ஏனென்றால் அதே புரதம் வேறொரு எம்.ஒய்.பி.யோடு சேரும்போது முடி வளர்க்கிற வேலையைப் பார்க்கிறது.

சரி, உங்கள் கத்திரிக்கு வருவோம். இருட்டில் சி.ஓ.பி.1 என்ற புரதம் எஸ்.பி.ஏ. என்ற துணைப் புரதத்தோடு சேர்ந்துகொண்டு, நிறத்துக்கான எம்.ஒய்.பி. மீது 'இதை அழித்துவிடு' என்று அடையாளம் ஒட்டிவிடும், உடனே உயிரணு அந்த எம்.ஒய்.பி.யைச் சிதைத்துவிடும். கூட்டணியில் ஒரு ஆள் குறைந்தால் நொதி இல்லை, நொதி இல்லாவிட்டால் நிறம் இல்லை. வெளிச்சம் பட்டதும் ஒளியை உணரும் புரதங்கள் சி.ஓ.பி.1-ஐ அடக்கிவைக்கும், எம்.ஒய்.பி. பிழைத்துக்கொள்ளும். இது அரபிடாப்சிஸில் தெளிவாகக் கண்டது, கத்திரியிலும் ஒளியை உணரும் புரதம், சி.ஓ.பி.1 என்று இதே ஆட்கள்தான் இருக்கிறார்கள். தொப்பிக்கு அடியில் வெளிச்சம் படுவதில்லை, அதனால்தான் வெள்ளை. நீங்களே சோதித்துப் பார்க்கலாம்: பிஞ்சாக இருக்கும்போதே ஒரு காயை வெளிச்சம் புகாத உறையால் மூடிவிடுங்கள், வெளிறியபடியே வளரும், அப்புறம் உறையை எடுத்தால் சில நாளில் ஊதா ஏறும். சில ரகங்களில் மட்டும் தொப்பிக்கு அடியிலும் நிறம் இருக்கும், அவற்றுக்கு வெளிச்சத்தின் தயவு தேவையில்லை.

கேள்வி: அப்படியானால் கருப்புக் கவுனியில் இருக்கிற ஜீன் வெள்ளை அரிசியில் இல்லையா?
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: இருக்கிறது. நெல்லில் கலா4 என்றொரு ஜீன் உண்டு, மேலே சொன்ன பி.எச்.எல்.எச். வகைப் புரதத்தைச் செய்யும் ஜீன். கறுப்பு அரிசிகளில் அந்த ஜீனுக்கு முன்னால் இருக்கும் டி.என்.ஏ. பகுதி இடம் மாறி அமைந்துவிட்டதால், அது அரிசியின் மேல்தோலில் விழித்துக்கொள்கிறது என்று 2015-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஜீன் புதிதல்ல, அது விழிக்கும் இடம்தான் புதிது. மாப்பிள்ளைச் சம்பா மாதிரியான சிவப்பு அரிசியின் கதை வேறு, அங்கே ஆர்.சி. என்ற இன்னொரு பி.எச்.எல்.எச். ஜீன் வேலை செய்கிறது. வெள்ளை அரிசி ரகங்களில் பெரும்பாலானவற்றில் அந்த ஜீனில் 14 டி.என்.ஏ. எழுத்துகள் விட்டுப்போயிருக்கின்றன, அதனால் சிவப்பு வருவதில்லை.

மெண்டல் வளர்த்த பட்டாணியின் வெள்ளைப் பூவும் இதே வகைதான். அவருடைய கட்டுரை 1866-இல் வந்தது, அந்தப் பூ வெளுத்ததற்குக் காரணம் ஒரு பி.எச்.எல்.எச். ஜீனில் மாறிய ஒற்றை எழுத்து என்று தெரிய 2010 ஆகிவிட்டது.

கவுனியை ஊறவைத்தால் தண்ணீர் ஊதாவாக மாறுகிறதே, அது ஆந்தோசயனின்தான். நன்றாகக் கழுவிவிட்டு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே வேகவையுங்கள்.