யாரைக் கேட்பது?

கேள்வி: அமேசான் மழைக்காட்டில் எண்ணெய் எடுப்பதை ஒரேயடியாக எதிர்ப்பானேன்? அங்குள்ள மக்களைக் கேட்டு, சட்டம் வகுத்து எடுத்தால் என்ன?
(ஒரு வாசகர், சேலம்)

பதில்: ‘கேட்டு’ என்று எளிதாக எழுதிவிட்டீர்கள், எனக்கு அந்தச் சொல்லைத் தாண்டிப் போக முடியவில்லை. கேட்பது என்றால் தமிழில் வினவுவது, செவிகொடுப்பது, சொன்னபடி நடப்பது என மூன்று பொருளும் உண்டு. அமேசான் காட்டின் ஒரு பகுதியைக் கொண்ட தென் அமெரிக்க நாடான ஈக்வடாரில் அரசு இந்த மூன்றிலும் தவறியிருக்கிறது.

அங்கே சரயாக்கு என்னும் கிச்வா பழங்குடியினரின் ஊர் இருக்கிறது. அவர்களை ஒரு வார்த்தை கேட்காமலே, அவர்கள் நிலத்தையும் சேர்த்து, 1996-இல் ஓர் எண்ணெய் நிறுவனத்துடன் அரசு ஒப்பந்தம் செய்துகொண்டது. நிலத்தடியில் வெடி வெடித்து, அதன் அதிர்வைக் கொண்டு எண்ணெய் தேட வந்த நிறுவனம் 2002, 2003-ஆம் ஆண்டுகளில் 1,400 கிலோவுக்கும் மேலான வெடிமருந்தை அந்தக் காட்டில் வைத்துவிட்டுப் போயிற்று. அதில் பெரும்பகுதி மண்ணுக்குள் புதைந்து கிடந்தது. வேட்டைக்குப் போகிறவனும் கிழங்கு தோண்டுகிறவளும் எங்கே கால் வைப்பது? மருத்துவக் குழு வந்தபோது, சிகிச்சைக்கு நின்றவர்களிடம் கையெழுத்து வாங்கி, அதையே ஆதரவுக் கடிதமாக்கப் பார்த்தார்கள் என்று ஊரார் முறையிட்டார்கள். மக்களைக் கலந்தாலோசிப்பது அரசின் கடமை, அதை நிறுவனத்தின் தலையில் கட்ட முடியாது என்று அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமை நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்தது.

சட்டம் இல்லாமலும் இல்லை. இயற்கைக்கே உரிமை வழங்கிய 2008-ஆம் ஆண்டு அரசியல் சாசனம், பாதுகாக்கப்பட்ட காடுகளில் எண்ணெய் எடுப்பதைத் தடை செய்துவிட்டு, நாட்டு நலன் என்று நாடாளுமன்றம் அறிவித்தால் எடுக்கலாம் என்று ஒரு கதவையும் திறந்து வைத்தது; 2013-இல் அமேசான் காட்டிலுள்ள யாசுனி தேசியப் பூங்காவில் எண்ணெய் எடுக்க அனுமதி கிடைத்தது அந்தக் கதவு வழியாகத்தான். பத்தாண்டுகள் போராடி, 2023 ஆகஸ்ட் 20-ஆம் தேதி நடந்த பொதுவாக்கெடுப்பில், ஏறத்தாழ 59 விழுக்காட்டினர் யாசுனியில் எண்ணெய் எடுக்கப் பிரித்த 43-ஆம் தொகுதியின் எண்ணெய் மண்ணுக்குள்ளேயே இருக்கட்டும் என்றார்கள். எண்ணெய் எடுப்பதை நிறுத்தி வெளியேற ஈக்வடாரின் அரசியல் சாசன நீதிமன்றம் ஓராண்டு கெடு கொடுத்தது. கெடு முடிந்தபோது, 200-க்கும் மேற்பட்ட கிணறுகளில் மூடும் வேலை அப்போதுதான் தொடங்கியிருந்தது. முழுவதும் முடிய 2029 ஆகும் என்றது அரசு.

அதே யாசுனிக் காட்டில் தகாயேரி, தரோமெனானே மக்கள் வெளியாரின் நிழலும் படாமல் ஒதுங்கி வாழ்கிறார்கள். அவர்கள் உரிமைகளை ஈக்வடார் மீறியதாக, சரயாக்கு வழக்கில் தீர்ப்பளித்த அதே மனித உரிமை நீதிமன்றத்தின் தீர்ப்பு 2025-இல் வெளியாகியிருக்கிறது. இவர்களை யார் போய், எந்த மொழியில் கேட்பது என்கிறீர்கள்? வெளியார் வாடை கண்டால் காட்டுக்குள் இன்னும் ஆழமாக விலகிப் போகிறார்களே, அதுதான் அவர்களுடைய பதில்.