பன்னிரண்டு பக்கமும் ஓயாத தொலைபேசியும்

அன்புள்ள ஐயா,

கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் செய்யும் சிறு நிறுவனம் ஒன்றில் பயனர் கையேடு எழுதும் வேலை எனக்கு. 86 பக்கக் கையேட்டை ஒருவரும் படிப்பதில்லை, 12 பக்கமாக்கு என்றார்கள். ஆக்கினேன். இப்போது சப்போர்ட்டுக்கு முன்பைவிட அதிகமாக போன் வருகிறது. சுருக்கமாக எழுதுவதே நல்லது என்று நீங்களும் சொல்லியிருக்கிறீர்கள். நான் எங்கே தவறினேன்?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

நீங்கள் அனுப்பிய இரண்டு கையேடுகளையும் பார்த்தேன். புதியதில் ‘வரவேற்கிறோம்’ என்ற இரண்டு பத்திகள் அப்படியே இருக்கின்றன. பழையதில் 61ஆம் பக்கத்தில் இருந்த ‘அச்சான பில்லை ரத்து செய்வது’ காணோம். கடைக்காரர் எப்போது கையேட்டைத் திறப்பார்? கவுண்டரில் ஐந்து பேர் காத்திருக்க, இரண்டு கிலோ இருபது கிலோவாகப் பில்லில் விழுந்திருக்கும்போது. அந்த நேரத்துக்கான பக்கத்தைத்தான் வெட்டிவிட்டீர்கள்.

இந்த விஷயத்தில் முன்னோடி ஜான் கேரல். 1980களில் அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் இருந்தவர். அலுவலக ஊழியர்கள் புதிதாக வந்த வேர்ட் பிராசசரை (கடிதம், ஆவணம் தட்டச்சு செய்யும் கருவியை) கையேடு வைத்துக்கொண்டு கற்பதை அவர் குழு பக்கத்தில் இருந்து கவனித்தது. யாரும் வரிசையாகப் படிக்கவில்லை. நாலு வரி பார்த்ததும் கை விசைப்பலகைக்குப் போய்விட்டது. ஏதாவது தப்பாக அழுத்திச் சிக்கிக்கொண்டார்கள்; வெளியே வரும் வழி கையேட்டில் இல்லை. கேரல் தயாரித்த ‘மினிமல் மேனுவல்’ முன்னுரை, மறுபார்வை எல்லாவற்றையும் தூக்கி எறிந்தது. ஆனால் பிழையிலிருந்து மீள்வதற்கு இடம் ஒதுக்கியது. 1990இல் வந்த அவருடைய புத்தகத்தின் பெயர் ‘நியூரம்பெர்க் புனல்’. தலையில் புனலைச் செருகி அறிவை ஊற்றுவது ஜெர்மனியில் ஒரு பழைய கேலி. நாம் எழுதும் பல கையேடுகள் இன்னும் அந்தப் புனல்தான்.

யூனிக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தின் கையேட்டையும் பாருங்கள். அதன் முதல் பதிப்பு 1971 நவம்பரில் வந்தது. ஒரு கட்டளைக்குப் பெரும்பாலும் ஒரு பக்கம், சில வரியில் முடிபவையும் உண்டு. அதற்குள்ளும் பிழைச் செய்திகளுக்கு ஒரு தலைப்பு. ‘பக்ஸ்’ என்று, எங்கள் நிரலில் இன்ன குறை இருக்கிறது என ஒப்புக்கொள்ள இன்னொரு தலைப்பு. உங்கள் மேலாளர் அந்தத் தலைப்பை அனுமதிப்பாரா, தெரியவில்லை!

சரி, உங்கள் வாக்கியங்களுக்கு வருகிறேன். “புதிய நிதியாண்டுக்கு மாற ‘க்ளோஸ் இயர்’ அழுத்தவும். பேக்கப் எடுத்த பின்பே இதைச் செய்ய வேண்டும்” என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் அவர் அழுத்தியிருப்பார். இப்படி மாற்றுங்கள்: “முதலில் பேக்கப் எடுங்கள். பிறகு ‘க்ளோஸ் இயர்’ அழுத்துங்கள்.” நீளமும் குறைகிறது. அப்புறம், திரையில் ‘சேவ்’ என்று இருக்கும்போது கையேட்டில் ‘சேமி பொத்தான் சொடுக்கப்பட வேண்டும்’ என்கிறீர்கள். எனக்கும் தமிழ்ப்பற்று உண்டு. ஆனால் திரையில் இல்லாத பொத்தானை அவர் எங்கே தேடுவார்? தமிழாக்க வேண்டுமானால் முதலில் திரையைத் தமிழாக்கச் சொல்லுங்கள்.

நானும் இப்படி வெட்டி மாட்டியவன்தான். பல வருடம் முன்பு ஒரு கணக்கு மென்பொருளுக்கு எழுதியபோது, கடவுச்சொல் மறந்தால் என்ன செய்வது என்ற பகுதியை ‘இது எல்லோருக்கும் தெரியும்’ என்று நீக்கினேன். ஒரு மாதம் அந்தக் கேள்விக்கு நானே போனில் பதில் சொன்னேன்.

ஒன்று செய்யுங்கள். ஒரு வாரம் சப்போர்ட்டில் போன் எடுப்பவர் பக்கத்தில் உட்காருங்கள். வரும் கேள்விகளைக் கேட்பவர் சொல்லும் வார்த்தையிலேயே குறித்துக்கொள்ளுங்கள்: “பில் தப்பா போயிடுச்சு”, “பிரிண்டர் பாதியில நின்னுடுச்சு”. அவையே உங்கள் தலைப்புகள். ‘வரவேற்கிறோம்’ போகட்டும். ‘மென்பொருளின் சிறப்பம்சங்கள்’ விளம்பரத் தாளுக்குப் போகட்டும். வாங்கியவரிடம் மறுபடி எதற்கு விற்க வேண்டும்?

இப்படி எழுதினால் 12 பக்கம் 17 ஆகலாம். மேலாளர் கேட்டால் இந்தப் பதிலைக் காட்டுங்கள்.