கிழங்குப் பயிரில் கிளையை வெட்டலாமா?

குச்சிக்கிழங்கில் (மரவள்ளி) ஒரு குச்சிக்கு நாலைந்து கிளை வருகிறது. எல்லாம் இருக்கட்டுமா? (ராசிபுரம்)

இரண்டு போதும். நட்ட அறுபது நாள் வாக்கில், எதிரெதிராக நிற்கும் திடமான இரண்டை விட்டுவிட்டு மற்றதை அடியோடு ஒடித்துவிடுங்கள். இலை மஞ்சள் திட்டோடு சுருண்டிருந்தால் அது தேமல் நோய். அந்தக் கிளையை மட்டும் ஒடித்துப் பயனில்லை, செடியையே பிடுங்குங்கள்.

ஐந்து மாதப் பயிர். ஆட்டுக்குத் தழை ஒடிக்கலாமா? (ஆத்தூர்)

இப்போது வேண்டாம். இலை சமைத்த சர்க்கரைதான் கீழே போய் மாவாகச் சேர்கிறது. தழையை மொட்டையடித்தால் வரத்து நிற்பதோடு, புதுத் தளிர் விட ஏற்கெனவே சேர்ந்த மாவையும் செடி திருப்பி எடுக்கும். ஜவ்வரிசி ஆலையில் பாயிண்ட், அதாவது மாவுச்சத்தின் அளவு, பார்க்கும்போது அது பல்லிளிக்கும். கோடையில் இலை கொட்டி, மழைக்குப் பின் துளிர்க்கும் வயலிலும் பாயிண்ட் இறங்குவது இதனால்தான்.

இன்னொன்று, பச்சைத் தழையில் சயனைடு நஞ்சு உண்டு. ஆடு வயிறுமுட்டத் தின்றால் செத்தே போகும். அறுவடையன்று கிடைக்கும் தழையை நன்றாகக் காயவைத்து, வேறு தீவனத்தோடு கொஞ்சமாகக் கொடுங்கள்.

அறுவடைக்கு முன்பே தண்டை வெட்டினால் கிழங்கு சீக்கிரம் கறுக்காதாமே?

உண்மைதான். பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக்கோடு ஓடும். இரண்டு மூன்று வாரம் முன்னதாக, பிடித்து இழுக்க ஒரு முழம் விட்டுத் தண்டை வெட்டினால் அது தள்ளிப்போகும். ஆனால் மாவுச்சத்து கொஞ்சம் குறையும். சந்தைக்குச் சமையல் கிழங்காகப் போவதென்றால் செய்யுங்கள். ஜவ்வரிசி ஆலைக்கென்றால் எதற்கு வீண் வேலை?

சர்க்கரைவள்ளிக் கொடி காடாகப் படர்கிறது. கத்தரிக்கலாமா?

கத்தரிக்காதீர்கள், தூக்கிவிடுங்கள். கணுவில் விட்ட வேர் அறுந்தால், அங்கே சுண்டுவிரல் கிழங்கு வைத்துச் சத்து சிதறாது. கொடியை அப்படியே கவிழ்த்துப் போடுகிற பழக்கம் எனக்குப் பிடிக்காது. இலை மறுபடி வெயிலுக்குத் திரும்பவே சில நாள் ஆகும். நடவுக்கு நுனிக்கொடி வேண்டுமென்றால் தனி நாற்றங்கால் வையுங்கள். தழைச்சத்தை அள்ளிப் போட்ட வயலில்தான் கொடி இப்படி ஆடும், அதையும் பாருங்கள்.

மாடித்தோட்டத்து முள்ளங்கியில் கீரை பறிக்கலாமா?

செடிக்கு ஓரிரண்டு வெளி இலை, தாராளமாக. பீட்ரூட்டுக்கும் அதே கணக்குதான். பிடுங்கிய பிறகு இலையை உடனே நறுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் கிழங்கின் ஈரத்தை உறிஞ்சித் தொய்ய வைத்துவிடும். பீட்ரூட்டில் மட்டும் ஓர் அங்குலக் காம்பு இருக்கட்டும். ஒட்ட நறுக்கினால் சாயம் வடியும்.